புதுப்பிப்பு: முறிவுத் தகடும் திருகுகளும் – முன்பு எழுதியதில் திருத்தம்

முறிந்த எலும்பைத் தகடு வைத்துப் பொருத்தும்போது அமைப்பு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று இந்த இழையின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான்.

எலும்பு முறிவு ஆய்வாளர் ஸ்டீபன் பெர்ரன் வகுத்த கோட்பாட்டின்படி, முறிவு இடைவெளியில் நிகழும் அசைவை அந்த இடைவெளியின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. முதிர்ந்த எலும்புத் திசு ஏறத்தாழ 2 விழுக்காடும், குருத்தெலும்பு 10 விழுக்காடும், தொடக்கத்தில் உருவாகும் மென்திசு 100 விழுக்காடு வரையும் திரிபைத் தாங்கும். 0.5 மி.மீ. அசைவு 1 மி.மீ. இடைவெளியில் 50 விழுக்காடு திரிபாகிறது. அதே அசைவு, நொறுங்கிய 10 மி.மீ. பகுதியில் பல துண்டுகளிடையே பகிரப்படும்போது 5 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே, திரிபைத் திசு தாங்கும் அளவுக்குள் வைப்பதே நோக்கம் என்பதால், இரண்டாக முறிந்ததை அழுத்தி இறுக்குவதும், நொறுங்கியதைத் தகட்டால் பாலம்போல் கடப்பதும் முரண்பட்ட வழிகள் அல்ல (எனக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது).

எல்லாத் துளைகளிலும் திருகு வேண்டும் என்றதையும் திரும்பப் பெறுகிறேன். நொறுங்கிய பகுதிக்கு நேரான துளைகளை வெறுமையாக விட்டால், வளைவு தகட்டின் நீண்ட பகுதியில் பரவி, ஒரே துளையருகே தகைவு (சுமையால் தகட்டுக்குள் எழும் விசை) குவிந்து தகடு முறியும் வாய்ப்பு குறைகிறது. தகட்டின் தடிமன் பற்றிய கணக்கு மட்டும் மாறவில்லை: தடிமன் இருமடங்கானால் வளைவு விறைப்பு (வளைவை எதிர்க்கும் திறன்) 8 மடங்காகும்.