கண் தெரியாத மீன் சாப்பிட மாட்டேங்குது, அவசரம்

தக்கலைக்காரன்:
வணக்கம். எங்க வீட்டு மீனுக்குக் கண் போய்விட்டது என்று நினைக்கிறேன். மூன்று நாளாக இரை போட்டால் கண்டுகொள்ளவே இல்லை. இரை மூக்குக்கு நேரே மிதக்கிறது, அது அப்படியே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டி முன்னால்தான் உட்காருவான், நேற்று ராத்திரி அழுதுகொண்டே படுத்தான். என்ன மருந்து ஊற்றலாம்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குழித்துறை அக்கா:
என்ன மீன் தம்பி? தங்கமீனா, ஃபைட்டரா, ஃப்ளவர்ஹார்னா? ஒரு கண்ணா, இரண்டுமா? வெள்ளையாக இருக்கிறதா, பிதுங்கி நிற்கிறதா? தொட்டி எவ்வளவு பெரிது? இதெல்லாம் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படிச் சொல்ல முடியும்?

உப்பளம்:
எதுவானாலும் முதலில் கல்லுப்பு. லிட்டருக்கு 1 கிராம், ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். எங்க வீட்டில் பத்து வருடமாக இதுதான் மருந்து, வேறு எதற்கும் கடைக்குப் போனதில்லை.

கோட்டாறு:
பைப் தண்ணீர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். எங்களுக்கு முக்கடல் அணைத் தண்ணீர் வருகிறது, குளோரின் வாசனை சில நாள் வாசல் வரைக்கும் அடிக்கும். பிடித்த கையோடு தொட்டியில் விட்டால் செவுளும் கண்ணும் எரிந்துபோகும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து விடுங்கள், இல்லையென்றால் கடையில் ஆன்டி குளோரின் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டிவாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே நான் எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் பார்க்காமல் புது இழை தொடங்குகிறீர்கள். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவை அளந்தீர்களா? நைட்ரைட்டை? அளக்காதவர்கள் மீன் வளர்ப்பதே தவறு என்பது என் கருத்து, அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கண்ணின் மேல்தோலில் பால் தெளித்த மாதிரி படலம் இருந்தால் அது கார்னியா, தண்ணீர் சுத்தமானால் சில வாரங்களில் தெளிய வாய்ப்பு உண்டு. கண்மணிக்கு உள்ளே முத்து மாதிரி வெள்ளை தெரிந்தால் அது லென்ஸ், அது திரும்பாது. மருந்துக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

தக்கலைக்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். தங்கமீன், ஒராண்டா வகை, நாலு வயது. தொட்டி இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். கிணற்றுத் தண்ணீர்தான், பைப் இல்லை. வலது கண் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளுத்தது, இடது கண் போன வாரம். இரண்டிலும் மேலே படலம், உள்ளே முத்து மாதிரி தெரியவில்லை. இரை மிதக்கும் உருண்டை. கூட ஒரு சக்கர் மீன் மட்டும் இருக்கிறது, எட்டு அங்குலம் இருக்கும்.

கோட்டாறு:
கிணற்றுத் தண்ணீர் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

குழித்துறை அக்கா:
எட்டு அங்குலச் சக்கரா! தம்பி, மருந்தை விடுங்கள், அந்தச் சக்கரைப் பாருங்கள். பாசி தின்னும் என்று சொல்லித்தான் விற்பார்கள், எங்களுக்கும் அப்படிச் சொல்லித்தான் ஒரு கடையில் தலையில் கட்டினார்கள். வளர்ந்த சக்கர் ராத்திரியில் தங்கமீன் மேல் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பை உறிஞ்சும். தங்கமீன் மெதுவான ஜீவன், ஓடவும் தெரியாது. இன்றைக்கு லைட்டை அணைத்து அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். உப்பளம் அண்ணே, சக்கர் உள்ளே இருக்கும்போது உப்புப் போடச் சொல்லாதீர்கள், கெளுத்தி இனத்துக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

தொட்டிவாத்தியார்:
சக்கர் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 56 லிட்டர் தொட்டியில் நாலு வயதுத் தங்கமீனும் எட்டு அங்குலச் சக்கரும் இருந்தால் அம்மோனியா ஏறாமல் என்ன செய்யும்? படலத்துக்கு அடிப்படை அதுதான். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். யாராவது மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்றச் சொன்னால் ஊற்றாதீர்கள், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும்.

தக்கலைக்காரன்:
அக்கா, நீங்கள் சொன்னது சரி. பதினொரு மணிக்குப் பார்த்தேன். சக்கர் தங்கமீனின் தலைப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கமீன் அசையக்கூட இல்லை, பக்கச் செட்டை மட்டும் துடித்தது. இவ்வளவு நாள் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறோம். சக்கரைப் பிடித்து வாளியில் போட்டுவிட்டேன். இதை என்ன செய்வது?

ஆளூர்:
சானல் வாய்க்காலில் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

சானல்கரை:
தயவுசெய்து விடாதீர்கள். அது தென்னமெரிக்கா மீன். முதுகெல்லாம் எலும்புத் தகடு, முள் கொம்பு மாதிரி நிற்கும், வலையில் விழுந்தால் வலையைக் கிழிக்காமல் வெளியே வராது. கரையில் பொந்து போட்டு முட்டையிடும், கரை இடியும். இங்கே சானலில் விட்டது குளத்துக்குப் போகும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளங்கள் இரண்டும் 2022-இல் ராம்சார் ஈரநிலம் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) ஆனவை, நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், அதில் கொண்டுபோய் இதையா விடுவது?

ஆளூர்:
ஒரு மீனை விட்டால் குளம் அழிந்துவிடுமா? வாளியில் வைத்துச் சாகடிப்பதற்கு அது பரவாயில்லை. அதுவும் உயிர்தானே.

சானல்கரை:
ஒவ்வொருவரும் ஒரு மீன் என்றுதான் விடுகிறார்கள். அப்பா குளத்தில் மீன் பிடித்த காலத்தில் வலையில் விரால், கெண்டை, கெளுத்தி வரும். இப்போது அவர் வலையைப் பிரிக்க உட்கார்ந்தால் விரல் கீறிப் புண்ணாகிறது. உயிர் என்று சொல்கிறீர்கள், குளத்தில் இருக்கும் கெண்டையும் உயிர்தான்.

உப்பளம்:
வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இப்போது சக்கர் இல்லையே, அந்த உப்பைப் போடலாம்.

தொட்டிவாத்தியார்:
இழை கண்ணிலிருந்து குளத்துக்குப் போய்விட்டது. கேட்டவருக்கு மீன் இன்னும் சாப்பிடவில்லை.

குழித்துறை அக்கா:
அதைத்தான் எழுத வந்தேன். தம்பி, கேளுங்கள். எங்களிடம் ஒரு குருட்டுத் தங்கமீன் ஆறு வருடம் இருந்தது, கண் இரண்டும் போய்த்தான் அந்த ஆறு வருடமும். மீனுக்குச் சாப்பிடக் கண் அவசியம் இல்லை. செவுளிலிருந்து வால் வரைக்கும் இரண்டு பக்கமும் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு ஓடும், பக்கக்கோடு என்பார்கள், தண்ணீர் அசைவதை அதில்தான் உணரும். மூக்கு கூர்மை, உதட்டிலேயே சுவை தெரியும். கோட்டயம் பக்கம் கிணறுகளில் கண்ணே இல்லாத ஒரு சிவப்புக் கெளுத்தி இருக்கிறது, 1950-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள், அது பிறவியிலேயே இருட்டில் வாழ்கிறது. உங்கள் மீன் நேற்று வரை பார்த்துச் சாப்பிட்டது, அதற்குப் பழகக் கொஞ்சம் நாள் வேண்டும், அவ்வளவுதான்.

மிதக்கும் உருண்டையை நிறுத்துங்கள். அது மேலே கிடப்பது இதற்குத் தெரியாது. மூழ்கும் இரை வாங்கி, பூண்டு நசுக்கிய தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே மூலை. போடுவதற்கு முன் அந்த மூலைக் கண்ணாடியில் விரலால் மெதுவாக இரண்டு தட்டு, அடிக்கக் கூடாது. அந்த மூலையில் கல்லெல்லாம் எடுத்துவிட்டு ஒரு சின்ன மண் சட்டியை வைத்து அதில் இரை விழச் செய்யுங்கள். முதல் நாலைந்து நாள் நீள இடுக்கியில் ஒரு உருண்டையைப் பிடித்து உதட்டில் படும்படி கொண்டுபோக வேண்டும். பட்டதும் முதலில் பின்வாங்கும், இடுக்கியை அசைக்காமல் பிடியுங்கள், திரும்பி வரும். எங்கள் மீன் மூன்றாம் நாள் இடுக்கியின் நுனியை உறிஞ்சியது, நாலாம் நாள் இரையை. பத்து நாளில் தட்டினதுமே தலையைக் கீழே சாய்த்து மண்ணை உறிஞ்சித் துப்பி உறிஞ்சித் துப்பி மூலைக்கு வந்துவிடும். மிஞ்சினதை அரை மணி நேரத்தில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கூர்மையான பொம்மை, பிளாஸ்டிக் செடி எதுவும் வேண்டாம். தொட்டிச் சாமானை இடம் மாற்றவே மாற்றாதீர்கள், அது மனதில் வரைபடம் வைத்திருக்கும். தங்கமீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், பயப்பட வேண்டாம், பையனிடமும் சொல்லுங்கள்.

கோட்டாறு:
பச்சைப் பட்டாணி தோல் உரித்து, அவித்து நசுக்கிக் கொடுக்கலாம். நன்றாக மூழ்கும்.

தொட்டிவாத்தியார்:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. அம்மோனியாவை மறக்க வேண்டாம்.

ஆளூர்:
சானல் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வலை கிழிவது எனக்குத் தெரியாது.

தக்கலைக்காரன் (ஒன்பது நாள் கழித்து):
சக்கரைக் கடையில் கொடுத்துவிட்டேன். இடது கண் படலம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, வலது அப்படியேதான். நேற்று பையன்தான் இடுக்கி பிடித்தான், மூன்று உருண்டை சாப்பிட்டது. இன்றைக்குத் தட்டினதும் தானாக மூலைக்கு வந்தது. அக்கா, ரொம்ப நன்றி. மழை வருகிறது, கரண்டு போகும் போலிருக்கிறது, ஏர் பம்புக்கு பேட்டரி வாங்கப் போகிறேன்.