ஆஸ்திரேலியா போனவர்கள் உள்ளங்காலையும் பாருங்கள்

ஆஸ்திரேலியாவிலிருந்து லீவுக்குக் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறேன். பிரிஸ்பேனில் குடியேறி இரண்டு மாதமே ஆன பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் நேற்று போனில், "அண்ணா, இங்கே எல்லாரும் தோல் புற்றுநோய் என்று பயமுறுத்துகிறார்கள், நம்ம கறுப்புத் தோலுக்கும் வருமா?" என்று கேட்டார். புதிதாகப் போன எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

வரும். ஆனால் வெள்ளைக்காரர்களைவிட நமக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. தோல் புற்றுநோயிலேயே ஆபத்தான வகையான மெலனோமா உலகத்திலேயே அதிகம் வருவது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான், அதில் பெரும்பங்கு வெளுத்த தோல்காரர்களுக்கு. நமக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வரும், யாரும் அங்கே பார்ப்பதில்லை, அதனால் முற்றிய பிறகுதான் தெரிகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது, 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

முதல் தடவை நான் தோலைக் காட்டப் போனபோது டாக்டரம்மா சாக்ஸைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்த்து, குதிகாலில் இருந்த மிளகளவு கறுப்புப் புள்ளியில் வந்து நின்றுவிட்டார். சின்ன வயதில் மாந்தோப்பில் செருப்பில்லாமல் திரிந்தபோது முள் ஏறிய இடம் என்றேன். அதை எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. அளந்து, போட்டோ எடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். மாறவில்லை, பயமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அதனால் ஜி.பி.யிடம் (அங்கே முதலில் பார்க்கும் பொது டாக்டர்) போகும்போது இதையெல்லாம் நீங்களாகவே சொல்லுங்கள்: வீட்டில் யாருக்காவது தோல் புற்றுநோய் இருந்ததா, உடம்பில் மச்சம் நிறைய உண்டா, கிட்னி மாற்றி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. பழைய தீக்காயத் தழும்பு, ஆறாத புண் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள், அதிலும் புற்று வரும், வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நகங்களில் பழுப்புக் கோடு நம் ஆட்களுக்குச் சாதாரணம்தான், ஆனால் ஒரே நகத்தில் கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் ஏறினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

சரி, வெயில்? யுவி (புற ஊதாக் கதிர்) அளவு 3-ஐத் தொட்டாலே தொப்பி, முழுக்கை சட்டை. கட்டட வேலை, பண்ணை வேலை என்று நாள் முழுக்க வெளியே நிற்பவர்கள் சன்ஸ்கிரீனும் போடுங்கள். அதற்காக வெயிலுக்கே ஒளிய வேண்டாம், நம் தோலுக்கு வைட்டமின் டி சீக்கிரம் குறையும்.

அப்புறம், ஊரில் இருக்கும் அம்மாக்கள். பாவாடை நாடாவை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்பில் கறுத்துத் தடித்த தடம் இருக்குமே, அரிதாக அதிலும் புற்று வருகிறது. நேற்று என் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தடம் இருக்கிறது, ஒரு பக்கம் தோல் உரிந்து அரிக்கிறதாம், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போகிறேன்.