பக்கத்து சீட் பெரியவர் இந்த வருஷம் வரவில்லை

2006ல் மேல்படிப்புக்காக அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பக்கம் வந்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் எதுவும் தெரியாது. அதே ஊரில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டதால் 2009லிருந்து எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு (கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) சீசன் டிக்கெட் எடுத்தேன். 38வது வரிசை, முதுகுக்குச் சாய்மானம் இல்லாத அலுமினிய பெஞ்ச். பக்கத்தில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த இரண்டு சீட்டும் அவர்கள் குடும்பத்துடையது. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் போக வேண்டும் என்பதையே எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார், அதுவும் வேர்க்கடலைத் தோலை பெஞ்சில் பதினொன்று பதினொன்றாக வரிசை பிடித்து வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டி. 2012ல் அம்மா வந்திருந்தபோது குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளியை எடுத்து அம்மா மடியில் போட்டுவிட்டு, அவர் வெறும் ஜாக்கெட்டோடு ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அம்மா இன்றைக்கும் போனில் அவரை விசாரிப்பார்.

அவர் வராமல் போனதற்கு அணி தோற்றது காரணமில்லை. தோற்ற வருஷங்களில்தான் அவர் சத்தம் அதிகம்.

முதல் அடி பணம். டிக்கெட் விலை ஒரு பக்கம் இருக்க, அதே சீட்டை வைத்துக்கொள்ள ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு நிதிக்கு நன்கொடை என்று தனியாகக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அதில் 80 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. நன்கொடைத் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அடுத்தது நேரம். ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கா, மூன்றரைக்கா, ராத்திரியா என்பதை டிவிக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பல ஆட்டங்களுக்கு 12 நாள் முன்னால்தான் தெரியும், சிலவற்றுக்கு 6 நாள் முன்னால். அவர் வீடு இரண்டு மணி நேர டிரைவ். கண்புரை ஆபரேஷன் ஆன மனிதர் ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்து, பார்க்கிங்கிலிருந்து வெளியே வரவே அரை மணி நேரம் காத்திருந்து, அப்புறம் எப்படி ஓட்டிக்கொண்டு போவார்? ஆட்டத்துக்கு நடுவிலும் இதே கதைதான். விளம்பரம் ஓடும்போது பளிச்சென்ற கையுறை போட்ட ஆள் ஒருவர் மைதானத்துக்குள் வந்து நிற்பார், அவர் வெளியே போகும்வரை பந்து நகராது. நவம்பர் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு அந்த ஒரு மனிதரையே ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் தன் குஷனை மடித்து என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கோ, அடுத்த வருஷம் எனக்கு வேண்டியிருக்காது" என்றார். இந்த சீசனில் அந்த சீட்டில் ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஆள்.

மேல்மட்டக் கல்லூரி ஆட்டங்களுக்கு 2008ல் சராசரியாக 46,971 பேர் வந்தார்கள், 2018ல் அது 41,856. விசுவாசம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2019ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் போனை வைத்தே அவர்கள் ஸ்டேடியத்துக்குள் இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். ஆட்டத்துக்கு வந்தால் 100 விசுவாசப் புள்ளி, நான்காவது, அதாவது கடைசி குவார்ட்டர்வரை இருந்தால் இன்னும் 250. எங்கள் பெரியவர் நாற்பது வருஷமாகக் கடைசி விசில்வரை இருந்தவர்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் மாஸ்டர்ஸ் படித்தபோது ஸ்டேடிய கேட்டில் டிக்கெட் ஸ்கேன் செய்யும் வேலை பார்த்தேன். ஆட்டத்தின் நடுவே மைக்கில் இன்றைய கூட்டம் இவ்வளவு என்று அறிவிப்பார்கள், எங்கள் மெஷின்களில் இருக்கும் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. விற்றது, சும்மா கொடுத்தது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். 2018 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை பல கல்லூரிகளின் கணக்கை வாங்கிப் பார்த்தபோது, அறிவித்ததில் சராசரியாக 71 சதவீதம்தான் நிஜமாக ஸ்கேன் ஆகியிருந்தது. பாதி ஆட்டத்தில் வெளியே போன ஒரு மாணவியிடம் ஏன் என்று கேட்டேன். உள்ளே சிக்னல் இல்லை, ஒரு போட்டோகூட அனுப்ப முடியவில்லை, ரூமில் ஃப்ரெண்ட்ஸ் ஒரே நேரத்தில் நாலு ஆட்டம் பார்க்கிறார்கள் என்றாள். எனக்கு அவள்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

* * *

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் கதையும் சொல்லத் தோன்றியது. நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், என் கணவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர். முன்பு லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்டம் என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு காரில் கிளம்பிவிடுவோம். 2024ல் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் அட்லாண்டிக் கரையோர கான்ஃபரன்ஸுக்கு (தங்களுக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) போய்விட்டன. இப்போது வெளியூர் ஆட்டம் என்றால் பெரும்பாலும் நாட்டின் மறுகோடி, விமான டிக்கெட் போட்டுக் குடும்பத்தோடு போக நம்மால் முடியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே 2024 அக்டோபர் 5ல் மயாமி அணி ஆட வந்தபோது ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலின் கேம்டே நிகழ்ச்சி முதல் முறையாக பெர்க்லிக்கு வந்தது. காலை ஆறு மணி நேரலைக்கு இருட்டிலேயே மாணவர்கள் குவிந்துவிட்டார்கள். ராத்திரி ஆட்டத்தில் 35-10 என்று முன்னால் இருந்து கடைசியில் 39-38ல் தோற்றோம், என் பத்து வயதுப் பையன் கார் வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். அன்றைக்கு எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஃபெர்னாண்டோ மென்டோசா. பையனுக்கு உயிர், 15ஆம் நம்பர் ஜெர்சி வாங்கிக் கொடுத்திருந்தோம். டிசம்பரில் மென்டோசா கல்லூரி மாறும் வீரர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், அடுத்த வருஷம் அங்கே சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார். அவருக்கு நல்லது நடந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். இந்தியானா ஆட்டம் டிவியில் வந்தபோது பையன் உள்ளே போய் அந்த பெர்க்லி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். யார் பக்கம்டா நீ என்று அவன் அப்பா கேட்டதற்கு பதில் சொல்லவில்லை.