கடவுளை 'நீர்' என்பதா, 'நீங்கள்' என்பதா? ஆலோசனை தேவை

அன்பு உறவுகளே, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு வரும் புலம்பெயர் பிள்ளைகளுக்காக, முல்லைத்தீவில் நாங்கள் சிலர் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் சிறு செபப் புத்தகம் தயாரிக்கிறோம்.

ஆங்கிலப் பக்கத்தில் கடவுளைச் சுட்டும் 'ஹீ', 'ஹிம்' பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமா? 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த வழக்கம் இல்லை; நியூ கிங் ஜேம்ஸ் பதிப்பில் உண்டு. எதுவானாலும் புத்தகம் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் தமிழில்தான். நம் ஊரில் ஆசிரியர் மாணவனையும் கணவன் மனைவியையும் 'நீர்' என்பார்கள். 'நீர் எம்மோடு இரும்' என்ற வரியைப் பார்த்த ஒரு பிள்ளை, "'நீங்கள்' என்றால்தானே மரியாதை?" என்று கேட்டது. எனக்கோ 'நீர்' என்பதை விட மனமே இல்லை. அதில் நெருக்கமும் வணக்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

உங்கள் ஆலயங்களில் சிறுவர் செபங்களில் எப்படி எழுதுகிறீர்கள்? பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் பேருதவி.