ரீபவுண்ட் பந்து கைக்கு வர என்ன பயிற்சி செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. கூடைப்பந்தில் ஃபார்வர்டாக ஆடுகிறேன். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து என் கைக்கு வருவதே இல்லை. உயரத்தைக் காரணம் சொல்ல மனமில்லை, 201 செ.மீ. உயரமே கொண்ட டென்னிஸ் ராட்மன் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ரீபவுண்டில் முதலிடம் பிடித்தவர்.

மூலையிலிருந்து எறியும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழும் என்பது தெரியும். ஆனால் பந்து கிளம்பியதும் என் கண் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. எதிராளியை முதுகால் அடைத்து நிறுத்த மறந்துவிடுகிறேன். அதற்குள் அவர் எனக்கு முன்னால் நுழைந்துவிடுகிறார். இதுதான் பெரிய வேதனை. நினைவு வந்து அடைத்தாலும் குதிக்கும் நேரம் தப்புகிறது.

இந்தப் பழக்கத்தை மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னுடன் பயிற்சிக்கு வருபவர் ஒருவர்தான். இருவர் மட்டும் செய்யக்கூடிய பயிற்சிகளைச் சொல்லுங்கள்.