தொடக்கநூலையும் யோனாவையும் அன்பியத்தில் எப்படி வாசிப்பது?

செக்காலை வாசகி

காரைக்குடியில் எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) இந்தத் தவக்காலத்துக்கு விவிலியத்தின் தொடக்கநூல் 1–3, யோனா நூல் இரண்டையும் எடுத்திருக்கிறோம். வாரம் ஒருநாள், ஒன்றேகால் மணி நேரம், பன்னிரண்டு பேர். கல்லூரியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளும் உண்டு, "எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான்" என்கிற பெரியவர்களும் உண்டு. ஆறு நாளில் படைப்பு, மீன் வயிற்றில் மூன்று நாள், இதையெல்லாம் நடந்த செய்தியாகவே எடுக்காமல், அதே சமயம் வேதத்தை வெறும் கதைப்புத்தகமாக்கிவிடாமல் வாசிக்க வழி சொல்லுங்கள். பொதுவான அறிவுரை வேண்டாம். உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்வது என்பதிலிருந்து வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா

யோனாவில் ஆரம்பியுங்கள் அக்கா, தொடக்கநூல் பிறகு. யோனா மொத்தமே 4 அதிகாரம், 48 வசனம். நிறுத்தாமல் உரக்க வாசித்தால் பத்து நிமிடம். ஆளுக்கு ஒரு வசனம் என்று பிரிக்காதீர்கள். பிரித்தால் தன் முறை எப்போது வரும் என்பதிலேயே கவனம் போய்விடும். ஒரே ஆள் முழுவதையும் வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்கட்டும்.

இரண்டாம் வாசிப்புக்குப் பென்சில் கொடுங்கள். "இது மிகையாக இருக்கிறதே" என்று படுகிற இடத்திலெல்லாம் கோடு போடச் சொல்லுங்கள். எல்லோரும் மீனிடம் போய் நிற்பார்கள். ஆனால் மீன் வருவது மூன்றே வசனங்களில். அதைவிடப் பெரிய மிகை பின்னால் இருக்கிறது. யோனா பிரசங்கிக்க அனுப்பப்பட்ட எதிரி நகரான நினிவேயைக் கடக்க மூன்று நாள் ஆகும் என்கிறது 3:3. அகழாய்வில் கிடைத்த நினிவே மதிலின் சுற்றளவே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஊரையே சுற்றிவந்துவிடலாம். ஒற்றை வரிப் பிரசங்கத்துக்கு ஊர் முழுக்க மனந்திரும்புகிறது. ஆடு மாடுகளும் சாக்கு உடுத்தி நோன்பிருக்கின்றன (3:7-8). எழுதியவர் தெரிந்தேதான் பெரிதாக்குகிறார். கேலிக்கு ஆளாவது நினிவே இல்லை, எதிரிக்கு மன்னிப்புக் கிடைத்ததைத் தாங்கமுடியாத இறைவாக்கினர் யோனாதான்.

நூல் ஒரு கேள்வியோடு நின்றுபோகிறது (4:11): வலக்கை இடக்கை தெரியாத 1,20,000க்கு மேற்பட்ட மனிதர்களும் இத்தனை விலங்குகளும் இருக்கிற நகருக்கு நான் இரங்க வேண்டாமா? யோனா பதில் சொல்வதில்லை. மீதி நேரம் முழுவதையும் இதற்கே வையுங்கள்: யாருக்கு மன்னிப்புக் கிடைத்தால் நமக்கு வயிறு எரியும்? மீனின் தொண்டை எவ்வளவு அகலம் என்று பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துவிடலாம். அதனால்தானோ என்னவோ, பலருக்கும் மீன் பிடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "யோனா என்று ஒருவரே இல்லை" என்று யாராவது அடித்துச் சொன்னால் 2 அரசர்கள் 14:25-ஐக் காட்டுங்கள். அமித்தாயின் மகன் யோனா என்ற இறைவாக்கினர் அங்கே வருகிறார். ஆள் இருந்தது வேறு, இந்த நூல் எழுதப்பட்ட விதம் வேறு.

பள்ளத்தூர்க்காரர்

தொடக்கநூலுக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 1:1 முதல் 2:4-இன் முற்பாதி வரை, வலப்பக்கம் 2:4-இன் பிற்பாதி முதல் 2:25 வரை. எது எதற்குப் பின் உண்டானது என்பதை மட்டும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். இடப்பக்கத்தில் செடிகொடி, பிறகு விலங்கு, கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே. வலப்பக்கத்தில் செடி முளைக்குமுன்பே மனிதன், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். தொகுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமலா இருக்கும்? தெரிந்தும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள் என்றால், கால வரிசை சொல்வது அவர்கள் நோக்கமில்லை.

பிறகு ஆறு நாளை மும்மூன்றாக அடுக்குங்கள். முதல் நாள் ஒளி, நான்காம் நாள் கதிரவனும் நிலவும். இரண்டில் வானமும் நீரும், ஐந்தில் பறவையும் மீனும். மூன்றில் நிலம், ஆறில் விலங்கும் மனிதரும். முதல் மூன்றில் இடம் தயாராகிறது, பின் மூன்றில் குடியிருப்போர் வருகிறார்கள். ஏழாம் நாள் தனியாக நிற்கிறது, பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

நம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் என்கிற திருமணப் பதிவு ஏடும் உண்டு, தாலாட்டும் உண்டு. இசைகுடிமானத்தில் ஊர்ப்பெயர் ஒன்று தவறினால் விடமாட்டார்கள். தாலாட்டில் வரும் தங்கத் தொட்டிலை யாரும் எடைபோடச் சொல்வதில்லை, பொய் என்றும் சொல்வதில்லை.

பெரியவர்களிடம், இது நேற்று முளைத்த சமாளிப்பு இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். கதிரவனே இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஒரிஜன் கேட்டுவிட்டார். வான், பூமி பற்றிக் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பேரால் உளறினால் வெளியார் சிரிப்பார்கள் என்று ஆயர் புனித அகுஸ்தினார் கண்டித்திருக்கிறார். 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸும், 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இலக்கிய வகையைப் பார்த்து வாசிக்கச் சொன்னார்கள்.

காளையார்கோவில்

எல்லாம் சரி அண்ணே. அப்போ இயேசுவின் உயிர்ப்பும் தாலாட்டுதானா? எங்கே கோடு கிழிப்பீர்கள்?

தேவகோட்டை ரஸ்தா

கோட்டை நாம் கிழிப்பதில்லை தம்பி, அந்தந்தப் பகுதியே காட்டும். 1 கொரிந்தியர் 15:3-8 வாசியுங்கள். உயிர்த்த இயேசுவைக் கண்டவர்கள் கேபா (பேதுரு), யாக்கோபு என்று பெயர் சொல்கிறார் பவுல். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். கி.பி. 50-களின் நடுவில், நிகழ்ச்சி நடந்து ஒரு தலைமுறை கழிவதற்குள் எழுதியது. இது சாட்சியின் நடை. நம்பலாம், மறுக்கலாம், உவமை என்று மட்டும் சொல்ல முடியாது. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் எங்கள் பறைசாற்றல் வீண் என்று அவரே அங்கே எழுதிவிட்டார் (15:14). கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார் என்பதில் நற்செய்திகள் வேறுபடுகின்றன, அதை மறைக்கவும் வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கடினமான கட்டளை வந்தால் உடனே "அது உருவகம்" என்று நழுவுவது. மத்தேயு 25-இல் பசித்தவருக்குக் கொடுக்கச் சொல்வது சோறுதான்.

செக்காலை வாசகி

இரண்டு பேர் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) யிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள், பழைய மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறார்கள். குழப்பம் வருமா?

பள்ளத்தூர்க்காரர்

தாளின் மேலே இரு பெயரும் எழுதிவிடுங்கள்: தொடக்கநூல் என்றால் ஆதியாகமம், திருப்பாடல்கள் என்றால் சங்கீதம். அவ்வளவுதான்.

பழைய மொழிபெயர்ப்பைக் கொண்டு ஒரு நல்ல பயிற்சியும் செய்யலாம். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வாக்குத்தத்த அட்டை பல வீட்டுச் சுவரில் இருக்கும். யோபு 8:7. சொல்வது கடவுள் இல்லை, துன்பத்தில் இருக்கும் யோபைப் பார்க்க வந்த நண்பர்களில் ஒருவரான பில்தாத். அதற்கு மூன்று வசனம் முன்னால், யோபின் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்கிற தொனியில் பேசுகிறார். 42:7-இல் கடவுள் இந்த நண்பர்கள் மேல் சினங்கொண்டு, நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். யார் பேசுவது, யாரிடம், முன்னும் பின்னும் பத்து வசனம் என்ன என்று பார்க்காமல் எந்த வசனத்தையும் எடுக்கக் கூடாது என்பது இந்த ஒரே அட்டையில் பிடிபடும். நாலாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரமே எடுத்தால் அட்டை மாட்டியவர்கள் முகம் வாடிப்போகும்.