புதுப்பிப்பு: நந்தனார் நாடகத்தில் நந்தி இப்போது நேராக நகர்கிறது

வெளியே நிற்கும் நந்தனுக்குச் சிவன் தெரியும்படி நந்தி விலகுகிற திருப்புன்கூர் காட்சியில், நந்தி பொம்மை பாதி வழியில் கோணலாகத் திரும்பி நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தோம். கோளாறு சக்கரத்தில்தான். நான்கு மூலையிலும் சுழலும் சக்கரம் மாட்டியிருந்ததால், கயிற்றை இழுத்ததும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பியது. அவற்றைக் கழற்றிவிட்டு, சுழலாத 3 அங்குல ரப்பர் சக்கரங்களை நந்தி போகும் திசைக்கு நேராகப் பொருத்தியாயிற்று. கயிறு கழுத்தில் இருந்ததும் தவறு. அவ்வளவு உயரத்தில் இழுத்தால் தெர்மாகோல் பொம்மை குடைசாயும். இப்போது அடிப்பலகையில், தரையை ஒட்டிக் கட்டியிருக்கிறது. பலகை மேல் 5 கிலோ மணல் மூட்டை இரண்டு. நந்தியின் பாதையில் மட்டும் விரிப்பை எடுத்துவிடுங்கள், துணி சுருண்டு சக்கரத்தில் சிக்கும்.

இதைவிட முக்கியம் இழுக்கிற நேரம். நந்தன் ‘வழிமறைத்திருக்குதே’ என்று நாட்டைக்குறிஞ்சி ராகத்தில் உருகி முடிக்கும்வரை நந்தி இம்மியும் அசையக் கூடாது. அடுத்து, ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ என்ற சிவனின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து பூர்விகல்யாணி ராகத்தில் வரும். முதல் அடியிலேயே இழுத்துவிடாதீர்கள். பல்லவி இரண்டாம் முறை வரும்போது தொடங்கி, 4 அடி தூரத்தை 20 விநாடியில், ஒரே சீரான இழுப்பாக. நந்தி நின்ற பிறகுதான் சந்நிதி விளக்கு மெல்ல ஏற வேண்டும். நந்தன் முகத்தில் அந்த வெளிச்சம் விழும் கணத்துக்காகத்தான் இத்தனை சிரமமும்.

நந்தன் தீயில் இறங்கும் கடைசிக் காட்சிக்கு நிஜ நெருப்பு வேண்டவே வேண்டாம். ஆரஞ்சுப் பட்டுத்துணிக் கீற்றுகள், கீழே மேசை விசிறி, பக்கவாட்டில் சிவப்பு விளக்கு. விசிறியை மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள், இரைச்சல் பாட்டை விழுங்கிவிடும்.